செவிவழி விண்பயணம்

தெளிந்த இரவில் வானத்தை அண்ணாந்து நோக்குவோர் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் எழுதல் இயல்பு. ‘இத்துணைப் பெரிய உலகில் மனிதன் எவ்வளவு சிறியவன்!’ என்பது ஒன்று. ‘அவ்விண்மீன்களை ஒருநாள் சென்று காணல் இயலுமோ?’ என்பது மற்றொன்று. முதல் எண்ணம் அடக்கத்தைத் தரும். இரண்டாவது எண்ணம் ஆர்வத்தைத் தரும். அந்த ஆர்வத்திலிருந்து பிறந்தவையே விண்வெளிப் பெருங்கதைகள். விண்மீன் விட்டு விண்மீன் செல்லும் கப்பல்களையும், பல்லாயிரம் உலகங்களை ஆளும் பேரரசுகளையும், நன்மைக்கும் தீமைக்கும் இடையே நிகழும் பெரும்போர்களையும் விரித்துரைப்பவை அவை. ஆங்கிலத்தில் அவற்றை ‘ஸ்பேஸ் ஆப்பரா’ என்பர்.

அச்சில் பிறந்த இக்கதைகளை இன்று கண்ணால் படிப்போரும் உளர். ஒலிநூல்களின் வாயிலாகக் காதால் கேட்போரும் உளர். காதால் கேட்டல் படித்தல் ஆகுமா என்று ஐயுறுவோர் பலர். அந்த ஐயத்துக்கு விடை காண விரும்புவோர், அக்கதைகள் தோன்றிய வரலாற்றையும், புத்தகம் பேசத் தொடங்கிய வரலாற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

அமெரிக்க நாட்டில் 1926-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைகளுக்கென்றே ஆங்கிலத்தில் வெளிவந்த முதல் இதழ் அதுவே. அவ்விதழில் 1928-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் ‘தி ஸ்கைலார்க் ஆப் ஸ்பேஸ்’ என்னும் தொடர்கதை வெளிவந்தது. அதன் ஆசிரியர் எட்வர்ட் எல்மர் ஸ்மித். அவர் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். உணவுப் பொருள் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டவர். ‘டோநட்’ என்னும் பணியாரத்துக்குரிய மாவுக் கலவைகளைச் செம்மைப்படுத்துதல் அவருடைய பணிகளுள் ஒன்று. பகலெல்லாம் மாவும் சர்க்கரையும் அளந்தவர், ஓய்வு நேரத்தில் விண்மீன்களின் தொலைவை அளந்து கதை புனைந்தார்.

‘ஸ்கைலார்க்’ கதையை அவர் 1915-ஆம் ஆண்டிலேயே எழுதத் தொடங்கினார். காதல் உரையாடல் தம் கைக்கு எளிதில் வாராது என்று அவர் தயங்கியபோது, லீ ஹாக்கின்ஸ் கார்பி என்னும் அம்மையார் அப்பகுதிகளை எழுதித் துணைபுரிந்தார். எழுதி முடித்த கதையைப் பதிப்பாளர் பலர் ஏற்க மறுத்தனர். தொடங்கிய நாளிலிருந்து 13 ஆண்டுகள் சென்ற பின்னரே அஃது அச்சேறியது. இளம் வேதியியல் அறிஞர் ஒருவர் செம்பினுள் அடங்கிய பேராற்றலை விடுவிக்கும் வழியைத் தற்செயலாகக் காண்கிறார். அவர் கண்ணெதிரே செம்புத் தொட்டி ஒன்று சாளரத்தின் வழியே வெளியே பறந்து மறைகிறது. அங்குத் தொடங்கும் கதை, சூரியனையும் அதன் கோள்களையும் பின்னே விட்டுத் தொலைவிலுள்ள விண்மீன்களிடையே சென்று சேர்கிறது.

ஸ்மித்தின் புகழை நிலைநிறுத்தியவை ‘லென்ஸ்மன்’ கதைகள். அவற்றுள் ‘கேலக்டிக் பேட்ரோல்’ என்பது 1937-ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் தொடராக வந்தது. லென்ஸ் என்பது அதனை அணிந்தவரின் உயிரோடு ஒன்றி ஒளிரும் ஒரு மணி. அதனை அணிந்தோர், மொழி வேறாயினும் உருவம் வேறாயினும், பிற உலக உயிர்களோடு உள்ளத்தால் உரையாட வல்லவர் ஆவர். அக்கதைகளில் தலைமை பெறும் வீரர் நால்வர். அவருள் ஒருவரே மனிதர். வொர்செல் என்பவர் சிறகு முளைத்த பாம்பை ஒத்தவர். காம்புகளின் நுனியில் பல கண்களை உடையவர். நாட்ரெக் என்பவர் கடுங்குளிர் உலகில் பிறந்தவர். ட்ரெகொன்சி என்பவருக்குப் பீப்பாய் போன்ற உடல், கண்கள் இல்லை. அவர் கூட்டத்தார் ஒளியின் துணையின்றியே பொருள்களின் புறத்தையும் அகத்தையும் நேரே உணரும் ஆற்றல் படைத்தவர். கண் இல்லாமையை அக்கதை ஒரு குறையாகவே கருதவில்லை. ட்ரெகொன்சியின் அறிவை மற்றவர் நாடி நிற்பதாகவே அமைத்துள்ளது.

இத்தகைய கதைகள் பெருகப் பெருக, தரமற்றவையும் அவற்றோடு கலந்தன. 1941-ஆம் ஆண்டில் வில்சன் டக்கர் என்னும் எழுத்தாளர் அவற்றை எள்ளி நகைத்து ‘ஸ்பேஸ் ஆப்பரா’ என்று பெயரிட்டார். அந்நாளில் அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பான குடும்பத் தொடர் நாடகங்களுக்குச் சோப்புத் தயாரிப்போர் பொருளுதவி செய்தனர். ஆதலின் அவை ‘சோப் ஆப்பரா’ எனப்பட்டன. அப்பெயரைத் தழுவியதே டக்கர் இட்ட பெயர். எள்ளலாகப் பிறந்த அப்பெயர் பிற்காலத்தில் இழிவு நீங்கி, ஒரு கதைவகையின் பெயராகவே நிலைத்தது.

டக்கர் அப்பெயரிட்ட அதே ஆண்டில் ஐசக் அசிமோவ் என்னும் இளைஞர் மற்றொரு பெருங்கதைக்கு வித்திட்டார். உரோமப் பேரரசின் வீழ்ச்சியை உரைக்கும் கிப்பனின் வரலாற்று நூலில் தோய்ந்தவர் அவர். ஆகஸ்டு முதல் நாள் நியூயார்க் நகரத்துச் சுரங்க இரயிலில் இதழாசிரியரைக் காணச் செல்லும்போது, விண்மீன்களிடையே பரந்த பேரரசு ஒன்று வீழ்ந்தால் என்ன நேரும் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதன் விளைவாக ‘பவுண்டேஷன்’ கதைகள் 1942-ஆம் ஆண்டு முதல் வெளிவந்தன. 12,000 ஆண்டுகள் நின்ற பேரரசு வீழப்போகிறது. அதன்பின் 30,000 ஆண்டு இருட்காலம் வரும் என்று கணித அறிஞர் ஹாரி செல்டன் கணக்கிட்டு உணர்கிறார். வீழ்ச்சியைத் தடுத்தல் இயலாது. இருட்காலத்தை 1,000 ஆண்டாகக் குறைத்தல் இயலும். அதற்காக அவர் அறிவைச் சேமிக்கும் நிலையம் ஒன்றை வானத்தின் ஓரத்தில் நிறுவுகிறார்.

விண்வெளிக் கதை அச்சில் வளர்ந்த அதே காலத்தில்தான், அச்சைக் காண இயலாதோர்க்காகப் பேசும் புத்தகமும் வளர்ந்தது. தாமஸ் ஆல்வா எடிசன் 1877-ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். அதன் பயன்களை அடுத்த ஆண்டில் வரிசைப்படுத்தி எழுதியபோது, பார்வையற்றோர்க்குப் புத்தகம் படித்துக் காட்டுதலையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். எனினும் அக்காலக் கருவி சில நிமிடங்களுக்கு மேல் பேச வல்லதாக இல்லை. முழுநூல் ஒன்றைப் பேசவைக்க அரை நூற்றாண்டுக்கு மேலும் காத்திருக்க நேர்ந்தது.

இடர்ப்பாடு எத்தகையது என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும். ஒருவர் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 ஆங்கிலச் சொற்களைப் படிக்கலாம். 90,000 சொற்களைக் கொண்ட நாவலுக்கு 10 மணி நேரம் வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய 12 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 4 நிமிடமே ஒலிக்கும். எனவே ஒரு நாவலுக்கு 75 தட்டுகள் தேவைப்படும். அமெரிக்கப் பார்வையற்றோர் நிறுவனத்தார் இக்குறையைப் போக்க முயன்றனர். அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த இராபர்ட் இர்வின் என்பவரும் இளமையிலேயே பார்வை இழந்தவர். தட்டைப் பதியும் கோடுகளை நெருக்கியும், சுழற்சியை 33⅓ ஆகக் குறைத்தும், ஒரு பக்கம் 15 நிமிடம் ஒலிக்குமாறு செய்தனர். அதே நாவல் 20 தட்டுகளில் அடங்கியது. 1934-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின் வாயிலாகப் பேசும் புத்தகங்கள் பார்வையற்றோர்க்குச் செல்லத் தொடங்கின. நீண்ட நேரம் ஒலிக்கும் தட்டுகள் இசைக்கெனக் கடைகளில் பரவியது 1948-ஆம் ஆண்டுக்குப் பின்னரே. பார்வையுள்ளோர் பின்னர்ப் பெற்ற வசதியைப் பார்வையற்றோர் பதினான்கு ஆண்டுகள் முன்னரே பெற்றிருந்தனர்.

இங்கிலாந்தில் இம்முயற்சிக்கு முன்நின்றவருள் ஒருவர் இயன் பிரேசர். முதல் உலகப் போரில், 1916-ஆம் ஆண்டில், சோம் போர்க்களத்தில் அவர் கண்பார்வை இழந்தார்; அப்போது அவருக்கு வயது 18. வளர்ந்த பின்னர்ப் பார்வை இழந்தோர்க்கு, விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தைக் கற்றுத் தேர்தல் எளிதன்று. அவர்களுக்குப் பேசும் புத்தகம் ஒரு பெருந்துணை ஆயிற்று. 1935-ஆம் ஆண்டில் அந்நாட்டில் முதலில் வெளிவந்த பேசும் புத்தகங்களுள் ஒன்று ஜோசப் கான்ராட் எழுதிய கடற்கதை. மற்றொன்று அகதா கிறிஸ்டி எழுதிய துப்பறியும் நாவல். அறவுரை மட்டுமே ஊட்டத்தக்கவர் என்று பார்வையற்றோரை அவர்கள் கருதவில்லை. மற்றவரைப் போலவே அவர்களும் கதை கேட்டு மகிழவும், அடுத்து என்ன நிகழுமோ என்று துடிக்கவும் உரிமையுடையவர் என்பது அத்தேர்வால் விளங்கிற்று. மகிழ்ச்சியும் ஓர் உரிமையே.

பிற்காலத்தில் கருவிகள் விரைந்து மாறின. 1963-ஆம் ஆண்டில் சிறிய ஒலிநாடாப் பேழை வந்தது. 1975-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் டுவால் ஹெக்ட் என்பவர், நாள்தோறும் நெடுந்தொலைவு காரில் செல்வோர்க்காக முழுநூல்களை நாடாவில் பதிந்து வாடகைக்கு அனுப்பும் தொழிலைத் தொடங்கினார். பார்வையற்றோர்க்கென விளைந்த பயன் இவ்வாறு அனைவருக்கும் ஆயிற்று. இன்று கைபேசி ஒன்றில் நூற்றுக்கணக்கான நாவல்கள் குரலாக உறைகின்றன.

இனி, கேட்டல் படித்தல் ஆகுமா என்னும் வினாவுக்கு வரலாம். கேட்பது சோம்பலுக்கு உகந்தது என்பர் சிலர். வள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்துக் கேள்விக்கெனத் தனியதிகாரம் வகுத்தவர். கேள்வி எளிதென்று அவர் கருதியிருப்பின் அதற்குப் பத்துக் குறட்பாக்களை ஒதுக்கியிரார். புத்தகம் படிப்பவர் சலித்த இடத்தில் நான்கு பக்கங்களைத் தள்ளிவிடுகிறார். மறந்த பெயரைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறார். கேட்பவருக்கோ குரல் செல்லும் வேகமே வேகம். அரிசியா, எட்டோர், வெலாண்டியா என்று வரும் உலகங்களின் பெயர்களை அவர் நினைவில் தாங்கியே செல்லல் வேண்டும். கவனம் அரை நிமிடம் சிதறினால் கதை ஓர் உலகத்தைத் தாண்டிவிடும். இருந்த இடத்தில் உடல் ஓய்ந்திருக்கலாம்; உள்ளம் ஓய்தல் இயலாது.

சில கதைகள் கேட்பதற்கென்றே அமைந்தவை போல் விளங்குகின்றன. பல்லாண்டு கழித்துத் தம் ‘பவுண்டேஷன்’ நூல்களை மீண்டும் படித்த அசிமோவ், அவற்றில் பெரும்பாலும் எண்ணமும் உரையாடலுமே உள்ளன, செயல் இல்லை என்று தாமே எழுதினார். படிப்போர்க்குக் குறையாகத் தோன்றத்தக்க அது, கேட்போர்க்கு நிறைவாகிறது. இருவர் எதிரெதிரே அமர்ந்து பேரரசின் தலைவிதியைப் பேசுவதைக் கேட்பதற்குப் படம் எதற்கு? பி.பி.சி. வானொலி 1973-ஆம் ஆண்டில் அக்கதையை எட்டுப் பகுதிகள் கொண்ட நாடகமாக ஒலிபரப்பியது.

ஸ்மித்தின் நடையோ வேறு. அடைமொழிமேல் அடைமொழி அடுக்கி, பெரியதினும் பெரிய கப்பலையும் வலியதினும் வலிய கதிரையும் வருணிப்பார் அவர். கண் அவற்றைத் தாவிச் செல்லும், காது தாவாது. ஆதலால் நூலின் சிறப்பைப் போலவே அதன் குறையையும் குரல் மறைப்பதில்லை. பெண்டிர்க்கு அக்கதைகளில் அளித்த இடம் எவ்வளவு சிறிது என்பதைக் கேட்பவர் விரைவில் உணர்வர். விண்மீன் கப்பலைச் செலுத்துவோர் கணக்கிடுவதற்குக் கையில் நழுவுகோல் ஏந்தியிருப்பதும் நகைப்பை விளைக்கும். இன்னும் ஆழமான குறையும் உண்டு.

ஒரு முதியவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் பிறந்து, 1960-களில் பள்ளிச் சிறுவராக இருந்தபோது லென்ஸ்மன் கதைகளை மலிவுப் பதிப்பில் வாங்கிப் போர்வைக்குள் கைவிளக்கு வைத்துப் படித்தவர். எழுபது கடந்த அவருக்கு இப்பொழுது எழுத்துகள் மங்கிவிட்டன. முதலில் செய்தித்தாளைக் கைவிட்டார். பின்னர்ப் பெரிய எழுத்து நூல்களையும் கைவிட்டார். பேத்தி ஒருத்தி கைபேசியில் அப்பழைய கதையைத் தேடிக் கொடுக்கிறாள். இரவு விளக்கை ஏற்ற வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. இருட்டறையில் ஒரு குரல் எழுகிறது. சிறுவயதுத் தோழர் நால்வரும் வந்து சூழ்கின்றனர். கண்ணற்ற ட்ரெகொன்சியைச் சிறுவராக இருந்தபோது வேடிக்கை உருவமாகக் கண்டவர், இப்பொழுது அவரைத் தம் இனத்தவராகவே கொள்கிறார்.

கதை வளர்கிறது. வீரர்கள் இரண்டு கோள்களை நிலைமமின்றி இயங்குமாறு செய்து கொணர்ந்து, பகைவர் வாழும் கோளை இருபுறமும் நெருக்கி நசுக்குகின்றனர். ஓர் உலகமே அழிகிறது. அன்று அவ்விடத்தைச் சிறுவர் ஒரே மூச்சில் படித்து வெற்றி முழக்கமிட்டார். இன்று குரல் அதனைச் சொற்சொல்லாக உரைக்கிறது. முதியவர் கருவியை நிறுத்துகிறார். ‘அவ்வுலகில் தீயோர் மட்டுமா இருந்தனர்?’ என்று அவருள் ஒரு வினா எழுகிறது. கதை விடையளிக்கவில்லை. உருவம் வேறான உயிரையும் தோழமையோடு ஏற்கும் கதையே, பகைவர் என்று முத்திரையிட்ட ஓர் உலகத்தை இரக்கமின்றி அழித்தலையும் கொண்டாடுகிறது. இரண்டும் ஒரே நூலில் உள்ளன. சிறிது நேரம் சென்ற பின் அவர் மீண்டும் கருவியை இயக்குகிறார். தாம் விரும்பிய நூலை வெறுக்கவும் இல்லை. அதன் குறையை மறைக்கவும் இல்லை. முன்பு படித்ததைவிட இப்பொழுது அவர் நன்றாகப் படிக்கிறார் என்பதே உண்மை.

கேட்டலால் ஆகாதவையும் உள. படமும் அட்டவணையும் கணக்கும் நிறைந்த பாடநூலைக் காதால் மட்டும் கற்றல் அரிது. சொல்லின் எழுத்து வடிவத்தை அறியக் கண்ணோ, பிரெயில் தடவும் விரலோ வேண்டும். ஒரு வழி மற்றொரு வழிக்குப் பகையன்று. இரண்டும் ஒரே இடத்துக்குச் செல்லும் இரு வாயில்கள். ஒரு வாயிலில் நுழைய இயலாதவருக்கு மற்றொரு வாயிலைத் திறந்து வைத்தலே அறமாகும்.

அவ்வறத்தைச் செய்வோர் பலர் இன்று உளர். 2005-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மான்ட்ரியல் நகரத்தில் ஹியூ மெக்வயர் என்பவர் ‘லிப்ரிவாக்ஸ்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். பதிப்புரிமை நீங்கிய நூல்களைத் தொண்டர்கள் தம் வீட்டிலிருந்தே படித்துப் பதிவு செய்து, விலையின்றி உலகுக்கு வழங்குகின்றனர். ஸ்மித்தின் ‘ஸ்கைலார்க்’ கதையும் அவ்வாறு குரல் பெற்றுள்ளது. அத்தொண்டர்களுக்கு ஊதியம் இல்லை. தாம் படிப்பதை முகமறியாத ஒருவர் எங்கோ கேட்பார் என்னும் நினைவே அவர்கள் பெறும் பயன்.

பதிப்புரிமை நீங்காத நூல்களின் நிலை யாது? ஒரு நாட்டில் பார்வையற்றோர்க்கென ஆக்கிய நூலை மற்றொரு நாட்டுக்கு அனுப்புதற்குச் சட்டம் நெடுங்காலம் தடையாக நின்றது. அத்தடையை நீக்க 2013-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மொராக்கோ நாட்டு மராகேஷ் நகரத்தில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. 2014-ஆம் ஆண்டில் அதனை முதன்முதல் உறுதிசெய்து ஏற்ற நாடு இந்தியா. 2016-ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டு மாணவர் எண்ணி மகிழத்தக்க செய்தி இது.

விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளியில் ஒலி செல்லாது. அங்கு எத்தனை கப்பல்கள் மோதினும் ஓசை எழாது. அறிவியல் கூறும் உண்மை அது. ஆயினும் அவ்வெளியை மனிதன் தன் குரலாலேயே பிறர் உள்ளத்தில் விரித்துக் காட்டுகிறான். அதனைக் காணக் கண் வேண்டுவதில்லை. செவியும் சிந்தையும் போதும். படிக்கத் தெரிந்த மாணவர் ஒவ்வொருவர் வீட்டிலோ தெருவிலோ எழுத்து மங்கிய கண்ணுடைய முதியவர் ஒருவரேனும் இருப்பார். அவர் இளமையில் விரும்பிய நூல் யாதென்று வினவி அறிந்து, நாளுக்குப் பத்து நிமிடம் அதனை உரக்கப் படித்துக் காட்டலாம். அதற்குக் கருவியும் வேண்டா, பொருளும் வேண்டா. படிப்பவருக்கு நா தெளியும்; கேட்பவருக்கு மூடிய உலகம் ஒன்று மீண்டும் திறக்கும்.